மக்கும் முன் மந்தி வந்துவிடும்

வாசகர் கேள்வி–பதில்: மலைப்பாதையும் மிச்சச் சோறும்

மலையேறப் போகிறவர்கள் வழியில் போட்டுவிட்டு வரும் உணவு மிச்சம், குப்பை பற்றிக் கேள்வி கேட்டு எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, 'மக்கும்' என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான் இருந்தன. எனவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

பிளாஸ்டிக்கை ஒழுங்காகக் கீழே கொண்டுவந்துவிடுகிறோம். வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல் எல்லாம் இயற்கையானவைதானே? புதருக்குள் வீசினால் மண்ணுக்கு உரம்தானே? (ஈரோடு வாசகர்)

மக்கும், எத்தனை நாளில் என்று கேட்டுப் பாருங்கள். கொல்லைப்புற உரக்குழியில் தோல் சீக்கிரம் மக்குகிறது என்றால் அதற்குக் காரணம் தோல் அல்ல, குழி. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்துக்குக் கழிவு சேர்ந்து, பாதிக்குப் பாதி ஈரமும் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் பெருகி, குவியலின் நடுப்பகுதி 55, 60 டிகிரி வரை சூடாகும். பாறைமேல் தனியாகக் கிடக்கும் ஒரு தோலுக்கு இதில் எதுவும் கிடையாது. மாசி, பங்குனி வெயிலில் அது ஒரே பகலில் ஈரம் வற்றிக் கறுத்து, செருப்புத் தோல் மாதிரி விறைத்துவிடும். ஈரமில்லாத பொருளை நுண்ணுயிர் தொடாது. அடுத்த மழை வரைக்கும் அப்படியேதான் கிடக்கும். நீலகிரி, கொடைக்கானல் மேல்மலைப் புல்வெளிகளில் கதை வேறு: அங்கே குளிர்தான் தடை. மார்கழி, தை உறைபனியில் மக்கும் வேலை கிட்டத்தட்ட நின்றே போகும். ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலில் உள்ள எண்ணெயே நுண்ணுயிர்களுக்கு ஆகாதது என்பதால் அவை இன்னும் தாமதம். கடையில் பளபளவென்று அடுக்கியிருக்கும் பழங்கள் பலவற்றில் மெழுகுப் பூச்சும் பூஞ்சைக்கொல்லியும் வேறு சேர்ந்திருக்கும்.

ஆனால் பெரும்பாலும் மக்கும் கட்டம் வரை அந்தத் தோல் போவதே இல்லை. அதற்கு முன்பே குரங்கோ காக்கையோ காட்டுப்பன்றியோ எடுத்துவிடும். ஆக, எத்தனை நாளில் மக்கும் என்பதைவிட, மக்குவதற்கு முன் யார் வாய்க்குப் போகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்காகவும் பார்த்துவிடலாம். வாழைப்பழத்தின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோல். 100 கிராம் பழம் என்றால் தோல் 35 கிராம் வரை இருக்கும். திருவிழா நாளில் 10,000 பேர் ஏறும் பாதையில் ஆளுக்கு ஒரே ஒரு தோல் என்றாலும் 350 கிலோ. அதைப் பாதையோர உரம் என்று சொல்ல முடியாது. திறந்தவெளி அன்னதானம் என்று சொல்லலாம்.

குரங்குக்குக் கொடுப்பது புண்ணியம் என்று பாட்டி காலத்திலிருந்து கொடுத்துவருகிறோம். அதுவும் தப்பா? (திண்டுக்கல் வாசகி)

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, தப்புதான். கொடுப்பவருக்கு வரும் புண்ணியத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை. வாங்கிக்கொள்ளும் குரங்குக்கு வருவதைச் சொல்கிறோம்.

நம் மலையடிவாரங்களில் பெரும்பாலும் இருப்பது நாட்டுக்குரங்கு, அதாவது குல்லாய்க்குரங்கு. காட்டில் அது பகலின் பெரும்பகுதியை உணவு தேடுவதில்தான் கழிக்கும். அத்தி, நாவல் என்று தின்று, கன்னப்பையில் அடக்கி, வேறோர் இடத்தில் போய்க் கொட்டையைத் துப்பும். காட்டில் மரம் பரவுவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பிஸ்கட்டும் பொரியும் கையில் கிடைத்தால் அரை மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது. எஞ்சிய நேரம் முழுக்கக் கூட்டத்துக்குள் சண்டை. உணவு ஒரே இடத்தில் குவிந்து கிடைப்பதால் பலசாலி எடுத்துக்கொள்ள, குட்டியும் தாயும் கடி வாங்குகின்றன. போதாக்குறைக்கு, தாராளமாகத் தீனி கிடைக்கும் இடத்தில் குட்டிகள் அதிகம் பிழைத்துக் கூட்டம் பெருக்கும். சுற்றுலா மாதங்கள் முடிந்து பாதையை மூடியதும், அந்தப் பெருத்த கூட்டம் அப்படியே கீழே இறங்கித் தோட்டத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் வரும். கடைசியில் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி மனு கொடுப்பதும் நாம்தான்.

வால்பாறையில் புதுத்தோட்டம் பகுதிச் சோலைமந்திகளை, அதாவது சிங்கவால் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு. மரத்தின் உச்சியைவிட்டு இறங்கவே கூசும் இனம். துண்டு துண்டான காட்டில் மாட்டிக்கொண்டு, மனிதச் சாப்பாட்டுக்கும் பழகி, இப்போது சாலையில் இறங்கி நடக்கிறது. வண்டியில் அடிபடாமல் இருக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட வேண்டியிருக்கிறது. வண்டியின் கண்ணாடியை இறக்கிச் சிப்ஸ் நீட்டுகிறவர், பாலத்தில் போக வேண்டியதைக் கீழே கூப்பிடுகிறார்.

மிச்சமான புளியோதரையை மான், காட்டுமாடு சாப்பிடட்டும் என்று மரத்தடியில் கொட்டினோம். காகிதம்கூடப் போடவில்லை. (பொள்ளாச்சி வாசகர்)

சோறுதான் மானுக்கு மோசம். கடமான், புள்ளிமான், காட்டுமாடு எல்லாம் அசைபோடும் விலங்குகள். நார் நிறைந்த புல்லையும் இலையையும் மெல்ல மெல்லப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள்தான் அவற்றின் முதல் வயிற்றில் குடியிருக்கின்றன. வெந்த சோறு வெறும் மாவுச்சத்து. அது மொத்தமாக உள்ளே போனால் வேகமாகப் புளித்து அமிலம் பெருகும். அமிலம் கூடக் கூடக் குறையும் எண்ணான பி.எச். அளவு வழக்கமாக 6-க்கு மேல் இருக்க வேண்டும்; அது 5.5-க்கும் கீழே இறங்கினால், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். வயிறு உப்பும், கழியும், மேய்ச்சல் நிற்கும். நிறையத் தின்ற விலங்கு செத்தும் போகலாம். கல்யாண வீட்டு மிச்சத்தைத் தின்று மாடு சாய்ந்த கதையை ஊரில் கேட்டிருப்பீர்கள், அதே வியாதிதான்.

இன்னொன்று உப்பு. காட்டில் உப்பு அருமையான பொருள். விலங்குகள் அதற்காக உவர்மண்ணைத் தேடிப் போய் நக்குபவை. புளியோதரை கட்டிய கவர், சிப்ஸ் உறை, ஊறுகாய்ப் பொட்டலம் எல்லாவற்றிலும் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். மான் அதைப் பிளாஸ்டிக் என்று தின்பதில்லை, உப்பு என்று தின்கிறது. அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வாசல் குறுகலானது. நன்றாக அரைபட்ட தீவனம்தான் அதில் நுழையும், கவர் நுழையாது. கவர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பந்தாகி அங்கேயே தங்கும். வயிறு நிறைந்ததுபோல் இருப்பதால் விலங்கு மேய்வதைக் குறைத்து, வயிறு நிறையக் குப்பையோடு பட்டினியில் சாகிறது. யானைக்கு வயிற்றமைப்பு வேறு என்பதால் கொஞ்சம் வெளியே வந்துவிடும். கோவை மருதமலை அடிவாரத்தில் யானைச் சாணத்தில் கவர்களும் உணவுப் பொட்டல உறைகளும் கிடந்த படங்கள் செய்தித்தாளில் வந்தது நினைவிருக்கும். வெளியே வராமல் உள்ளே தங்கியது எவ்வளவு என்பது சாணத்தைப் பார்த்துத் தெரியாது.

குழி தோண்டிப் புதைத்துவிட்டால்? (தேனி வாசகர்)

காட்டுப்பன்றிக்கும் கரடிக்கும் மண்ணைக் கிளறுவதுதான் பிழைப்பு. கரையான் புற்றையே உடைத்து உறிஞ்சும் கரடிக்கு உங்கள் அரை அடிக் குழி ஒரு பொருட்டே இல்லை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எண்ணெய் வாடைக்குக் கடைக் கதவையும் கோயில் கதவையும் பெயர்க்கிற விலங்கு அது. புதைத்த இடம் கிளறப்படும், குப்பை பத்து அடிக்குச் சிதறும், மண்ணும் இளகும். ஐப்பசி மழையில் இளகிய மண்ணோடு கவர் ஓடைக்குப் போய்விடும்.

அப்படியானால் எரித்துவிடலாமே? (அதே வாசகர், அடுத்த வரியில்)

வேண்டவே வேண்டாம். 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள். போதைப்புல் என்ற மலைப்புல் காய்ந்து கிடக்கும் சரிவில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. தீ பரவாத இடமென்றே வைத்துக்கொண்டாலும் பயனில்லை. சிப்ஸ் உறையின் உட்பக்கம் மெல்லிய அலுமினியப் பூச்சு. பிளாஸ்டிக் உருகிப் போனாலும் வெள்ளிச் சருகு மிஞ்சும். அலுமினிய ஃபாயில் விறகுத் தீயில் எரியாது; கறுத்து நொறுங்கும், அவ்வளவுதான். ஈரத் தோலும் சோறும் விறகுத் தீயில் பாதி கருகி, வாடையை இன்னும் தூரம் பரப்பும்.

பேப்பர் கப், பாக்குமட்டைத் தட்டு, வாழையிலை, 'மக்கும் கவர்' இவற்றில் எதைப் போட்டுவிட்டு வரலாம்? (சேலம் வாசகி)

எதையும் இல்லை.

பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. டீ ஊறாமல் நிற்பது அதனால்தான். காகிதம் கரைந்த பின் அந்தப் பூச்சு சவ்வாக மிஞ்சும். 'மக்கும்' என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட கவர்களில் பெரும்பாலானவை தொழில்முறை உரக்கிடங்கின் சூட்டில் மக்குபவை. சோலைக்காட்டின் 15 டிகிரியில் அந்த வாக்குறுதி செல்லாது. வாழையிலையும் பாக்குமட்டையும் உண்மையிலேயே நல்லவை. ஆனால் சாம்பாரும் எண்ணெயும் தோய்ந்த இலை, விலங்கின் மூக்குக்கு இலை அல்ல, சாப்பாடு. மலைக்கு இலையில் கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட்டதும் நான்காக மடித்து டப்பாவுக்குள் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். பத்துக் கிராம்தான்.

நாங்கள் நான்கு பேர் வெள்ளியங்கிரி ஏறப்போகிறோம். குப்பையே வராதபடி எப்படிக் கட்டிக்கொண்டு போவது? விவரமாகச் சொல்லுங்கள். (திருப்பூர் வாசகர்)

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். மலையில் குப்பையைச் சமாளிப்பது கஷ்டம். வீட்டிலேயே குறைத்துவிடுவது சுலபம்.

முதல் நாள் இரவு எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, மேலே தேவைப்படாத உறை, தோல், கொட்டை எதையெல்லாம் இங்கேயே கழிக்கலாம் என்று பாருங்கள். பிஸ்கட்டைப் பாக்கெட்டோடு எடுக்காதீர்கள். பிரித்து எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். கடலை மிட்டாயும் அப்படியே. முட்டையை வேகவைத்து ஓட்டை உரித்து எடுங்கள். சாத்துக்குடி, ஆரஞ்சு என்றால் உரித்துச் சுளையாக டப்பாவில். பேரீச்சை கொட்டை நீக்கியது. வாழைப்பழத்தை மட்டும் உரித்து எடுக்க முடியாது. அதற்குப் பதில் வெள்ளரி கொண்டுபோகலாம். தோலோடே தின்னலாம், தாகத்துக்கும் ஆகும். பழம்தான் வேண்டும் என்றால் ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கும் சேர்த்துத் தோல் 280 கிராம் வரும். ஏறும்போது பழமாகச் சுமந்ததில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இறங்கும்போது தோலாகச் சுமக்கப்போகிறீர்கள்.

ஏறி இறங்க எட்டு முதல் பத்து மணி நேரம் வைத்துக்கொண்டால், ஆளுக்கு இரண்டு வேளை உணவு போதும்: ஒரு வேளைக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய நான்கு இட்லி, மறுவேளைக்குச் சுருட்டிய இரண்டு சப்பாத்தி. நடுவில் கொறிக்க வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம் மூன்றும் கலந்து 100 கிராம். சாம்பார், சட்னி வேண்டாம். ஒழுகும் பொருள்தான் கவரைக் கேட்கிறது. கவர்தான் காட்டில் தங்குகிறது. மிச்சம் ஏன் வருகிறது என்று யோசித்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: அம்மா, மாமி, பக்கத்து வீடு என்று ஆளாளுக்குக் கட்டிக் கொடுப்பது. ஒரே ஆள் கணக்கெடுத்துக் கட்டினால் மிச்சமே வராது.

தண்ணீருக்கு ஆளுக்கு இரண்டு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில்கள். வழியில் கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று நீர் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கை வைக்கும் சுனைகள். குளோரின் மாத்திரை போட்டு, உறையில் சொன்ன நேரம் பொறுத்துக் குடிப்பது நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை மலைமேல் கிழிக்காமல், அடிவாரத்திலேயே ஒரு லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துவிடுங்கள். கிழித்த ஓரம் காற்றில் பறப்பதும் இல்லை, அளவு தப்புவதும் இல்லை.

இனிக் குப்பைக்கு. அகல வாய், திருகு மூடி உள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி ஒன்று போதும். பழைய ஹார்லிக்ஸ் ஜாடி கச்சிதம். அடியில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவோ விறகுச் சாம்பலோ போட்டுவையுங்கள், வாடையை அமுக்கும். தோல், இலை, மிச்சம் எல்லாம் அதற்குள். கவரில் கட்டினால் பையின் எடையில் நசுங்கிப் பிதுங்கும், முதுகு நனையும், பிறகு எரிச்சலில் தூக்கி எறியத் தோன்றும். பாதிக் குப்பை அப்படித்தான் விழுகிறது. உலர்ந்த குப்பைக்கு ஒரு துணிப்பை. இரண்டையும் முதுகுப் பையின் நடுவில் வையுங்கள். பக்கவாட்டு வலைப்பையில் வைத்தால் குரங்கின் கைக்குப் பக்கம். செருகி வைத்த காகிதம் இருட்டில் விழுந்தாலும் தெரியாது. பெரும்பாலோர் இரவில் ஏறும் மலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

யார் ஜாடியைச் சுமப்பது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். 'யாராவது எடுத்துக்கொள்வார்கள்' என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் வாங்குகிறார்களே, அது கட்டணமா அபராதமா? (கோவை வாசகர்)

இரண்டும் இல்லை, முன்பணம். பாட்டிலில் ஒட்டுச்சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். இறங்கி வந்து அதே பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். சீட்டு கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்பண்ட உறைகளையும் அங்கே பிரித்து, பண்டத்தைக் காகிதத்தில் மாற்றித் தருகிறார்கள். எவர்சில்வர் பாட்டிலோடு போனால் வரிசையும் மிச்சம். அந்த மலையின் ஓடைகள் நொய்யலுக்கு இறங்குபவை என்பதால், மேலே விடும் பாட்டில் ஒரு நல்ல மழையில் கோவைக்கே உங்களைத் தேடி வந்துவிடும்!

மாங்கொட்டை, கொய்யா விதை வீசினால் மரமாக வளருமே? விதைப்பந்துகூடச் செய்கிறார்களே? (மதுரை வாசகர்)

வளர்ந்துவிடுமோ என்பதுதான் பயம். காட்டுக்கு மரம் குறைவு என்று யாரும் புகார் செய்யவில்லை. வரக்கூடாத செடி வந்துவிட்டது என்பதே புகார். அலங்காரத்துக்கென்று வெள்ளைக்காரர் கொண்டுவந்த உண்ணிச்செடி, பறவைகள் பழத்தைத் தின்று விதை பரப்ப, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் அடித்தளத்தையே மூடிக் கிடக்கிறது. அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாத இடத்தில் மானுக்கு வேலை இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருவகை பேஷன் ஃப்ரூட் கொடி சோலை ஓரங்களில் ஏறி மரங்களைப் போர்த்துகிறது. தக்காளி, கொய்யா விதைகள் மனிதக் குடலையே தாண்டி முளைப்பவை. நடைபாதை ஓரம் வெயிலும் கிளறிய மண்ணும் கிடைப்பதால், அந்நியச் செடி முதலில் கால் ஊன்றுவது அங்கேதான். மேல்மலைப் புல்வெளியில் மரம் முளைப்பதே கெடுதல். அங்கே வரையாடு மேய்வது புல்லைத்தான். விதைப்பந்து வீச ஆசை என்றால், ஊர்ப் புறம்போக்கில் உள்ளூர் மர விதையைப் போடுங்கள்.

பாதையில் ஒரு நாய் கூடவே வந்தது. பிஸ்கட் போட்டோம். நாய் காட்டு விலங்கு இல்லையே? (ஊட்டி போய்வந்த சென்னை வாசகி)

அதனால்தான் சிக்கல். பிஸ்கட்டுக்காக நாய் காட்டின் உள்ளே வரை வரும். அங்கே மான் குட்டியைத் துரத்தும். வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நாயிடமிருந்து செந்நாய்க்குத் தொற்றக் கூடியவை. நாயைத் தேடிச் சிறுத்தை பாதைக்கு வரும். அடிவாரத்திலேயே கவனிக்காமல் நடந்துவிடுங்கள். கொஞ்ச தூரத்தில் திரும்பிவிடும்.

குரங்கு பையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது? (தென்காசி வாசகர்)

இழுபறி செய்யாதீர்கள், கடிபடுவது அதில்தான். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள். குரங்கின் மொழியில் இரண்டும் மிரட்டல். ஓடவும் வேண்டாம். வெறும் கையை விரித்துக் காட்டி மெதுவாகப் பின்வாங்குங்கள். கவர் சலசலக்கும் சத்தத்தையே உணவு என்று கற்றுவைத்திருக்கும் கூட்டம் அது; பையில் துணியும் டப்பாவும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்க வேண்டும். மஞ்சள், காபித்தூள் அப்பாதீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வழியில் வயிறு கலக்கினால்? நாப்கினை என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

கூச்சப்பட ஒன்றுமில்லை; கேட்காதவர்கள் ஓடைக்கரையில் உட்கார்வதுதான் தொல்லை. நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர், அதாவது சாதாரண நடையில் 80 எட்டு விலகுங்கள். களைக்கொத்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி. அதற்கு மேல் ஆழம் போனால் நுண்ணுயிர் குறைந்து மக்காது. குறைந்தால் பன்றி கிளறும். முடிந்ததும் மண்ணால் மூடிச் சருகு போடுங்கள். பாறைச் சரிவில் தோண்ட முடியாது என்பதால், கிளம்பும் முன் அடிவாரக் கழிப்பறையைப் பயன்படுத்துவதே உத்தமம். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கம் இங்கே பெரிய வரம். ஈரத் துடைப்பான்களில் பல, துணி போலத் தெரிந்தாலும் பிளாஸ்டிக் இழை கலந்தவை, புதைக்கக் கூடாது. நாப்கினும் அப்படியே, ரத்த வாடைக்கு விலங்கு தோண்டிவிடும். செய்தித்தாளில் சுற்றி, மூடி இறுகும் சிறு டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள்.

சோப்பும் ஓடைக்கு ஆகாது, 'இயற்கை சோப்பு' உட்பட. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில்தான் அதிகம். தண்ணீரை மொண்டுகொண்டு அதே 80 எட்டு விலகிப் போய்க் கழுவுங்கள்.

மற்றவர்கள் போட்டதைப் பொறுக்கி வரலாமா? (நாமக்கல் கல்லூரி மாணவர்கள்)

தாராளமாக, இறங்கும்போது. தடித்த கையுறை, முடிந்தால் இடுக்கி. பாறை இடுக்கிலும் சருகுக் குவியலிலும் கையை விடாதீர்கள். தேளும் பாம்பும் நம் நல்ல எண்ணத்தை அறியா. பாட்டிலை எடுத்ததும் உள்ளே பாருங்கள். அரணை, பூச்சி விழுந்து வெளியேற முடியாமல் கிடக்கும். பிறகு மூடியைத் திறந்து, மிதித்துக் காற்றை வெளியேற்றி, சுருட்டி மூடியைத் திருகினால் சாக்கில் மூன்று மடங்கு கொள்ளும். ஆளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். இறக்கத்தில் முழங்கால் தாங்காது.

உடைந்த மதுப்பாட்டில் சில்லை முதலில் எடுங்கள். யானையின் பாதம் அடியில் மெத்தென்றிருக்கும். சில்லு குத்திச் சீழ் பிடித்தால் அந்த உடல் எடையில் புண் ஆறுவது கடினம். உடையாத பாட்டிலுக்கு மதிப்பு உண்டு: நீலகிரியில் 2022 மே மாதம் தொடங்கிய திட்டப்படி, விற்கும்போது கூடுதலாக வாங்கும் 10 ரூபாயை, காலிப் பாட்டிலைத் திருப்பினால் தருகிறார்கள். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் வந்தது.

தண்டனை உண்டா? (கரூர் வாசகர்)

உண்டு. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் சேர்த்தே தடை செய்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. குரங்கணிக்குப் பின் வந்த மலையேற்ற விதிகளின்படி, அனுமதி இல்லாமல் காட்டுப்பாதையில் கால் வைப்பதே குற்றம்.

பரிகாரத்துக்காக உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொல்கிறார்களே? (அம்பாசமுத்திரம் வாசகி)

பாபநாசத்தில் தாமிரபரணியிலிருந்து டன் கணக்கில் துணி அள்ளுகிறார்கள். பாலியஸ்டர் சேலை மக்காது. படித்துறையில் குளிப்பவர் காலைச் சுற்றும். துணியைத் துவைத்துத் தேவைப்படுகிறவருக்குக் கொடுங்கள்.

பால் பாக்கெட், மசாலா பாக்கெட் கொண்டுபோய்ச் சமைப்பவர்களுக்கு ஏதாவது? (அனுமதி பெற்ற முகாமுக்குப் போகும் பெங்களூரு வாசகர்)

மூலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்த நகக்கண் அளவு முக்கோணம்தான் முகாம் மண்ணில் அதிகம் கிடைப்பது. யாராலும் பொறுக்க முடியாதது. முக்கால்வாசி வெட்டி, மூலை பாக்கெட்டோடே தொங்கும்படி விடுங்கள். காலியானதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் டீயிலோ குழம்பிலோ ஊற்றிவிட்டு, பாக்கெட்டைத் தட்டையாக மடித்துத் துணிப்பையில் போடுங்கள்.